சிலோன் போன பாட்டனின் கப்பல் தடம்: நீலகிரிக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

"எங்க தாத்தா எந்தக் கப்பல்ல சிலோன் போனாருன்னு கண்டுபிடிக்க முடியுமா?" கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் தாயகம் திரும்பிய குடும்பங்களில் படித்த பிள்ளைகள் தலையெடுத்ததும் கேட்கிற கேள்வி இது. கேட்ட கையோடு இணையத்தில் கப்பல் பெயரைத் தேட உட்கார்ந்துவிடுகிறார்கள். தேடலின் வாலைப் பிடிக்க வேண்டிய இடம் அது இல்லை.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் மொரீஷியசுக்கும் பிஜிக்கும் போனவர்கள் ஒப்பந்தக் கூலிகள். ஆளுக்கொரு எண் கொடுத்து, அப்பா பெயர், ஊர், வயது, உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதித்தான் ஏற்றினார்கள். சிலோன் கதை வேறு. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரியான கங்காணி ஊருக்கு வந்து, முன்பணம் கொடுத்து, சொந்தபந்தத்தோடு ஒரு கூட்டமாகக் கூட்டிக்கொண்டு போனார். ஆகவே ஆளுக்கொரு வரி எழுதிய கப்பல் பட்டியலை நம்பி சிலோன் தேடலில் இறங்க முடியாது. பாட்டன் போன தடம் தோட்டத்துக் காகிதங்களிலும் குடியுரிமைக் காகிதங்களிலும் சொந்த ஊரிலும் சிதறிக் கிடக்கிறது. கடைசிப் பயணத்தைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கிப் போவதுதான் வழி. கடைசிப் பயணம் என்றால், குடும்பம் திரும்பி வந்த பயணம்.

வீட்டுத் தகரப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள்

1964 அக்டோபர் 30-ஆம் தேதி இலங்கை, இந்தியப் பிரதமர்கள் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. மூன்று லட்சம் பேர் இலங்கைக் குடியுரிமைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதிக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் வனத்துறையின் தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1976-இல் அது குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட டேன்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) நிறுவனமானது. பாண்டியார், சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம், கொளப்பள்ளி, நடுவட்டம் என்று நாம் பார்க்கிற டிவிஷன் லயங்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னால் இருப்பது இந்த வரலாறுதான்.

இப்படி வந்த ஒவ்வொரு குடும்பத்திடமும் இரண்டு காகிதங்கள் இருந்திருக்க வேண்டும். ஒன்று இந்தியப் பாஸ்போர்ட். பெரும்பாலும் கண்டியில் இருந்த இந்திய உதவித் தூதரகம் கொடுத்தது. இன்னொன்று குடும்ப அட்டை. இப்போதைய ரேஷன் அட்டையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மறுவாழ்வு உதவிக்காகக் கொடுத்த தனி அட்டை அது.

பாஸ்போர்ட் கிடைத்தால் முதலில் முத்திரைப் பக்கத்தைப் பாருங்கள். படத்தையும் பெயரையும் அப்புறம் பார்க்கலாம். தலைமன்னாரில் ஏறிய முத்திரை, ராமேஸ்வரத்தில் இறங்கிய முத்திரை, இரண்டிலும் தேதி இருக்கும். மை மங்கியிருந்தால் வெயிலில் பிடித்துப் பார்க்காதீர்கள். ஃபோன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் படம் எடுத்து, படத்தின் கான்ட்ராஸ்டைக் கூட்டினால் எண்கள் தெளியும். இறங்கிய இடம் தனுஷ்கோடி என்று இருந்தால் அந்தப் பயணம் 1964 டிசம்பர் 22 இரவுக்கு முன்னால் நடந்தது. அன்றைய புயல் ஊரையே கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்குத்தான் வந்தது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இந்த வழிதான், அதுவும் பெரும்பாலும் "ராமானுஜம்" கப்பலில். நம் பெரியவர்கள் "ராமானுசம் கப்பல்" என்று இன்றும் சொல்வது இதைத்தான். 1984-இல் அந்தச் சேவை நின்றது. ஆக, திரும்பி வந்த கப்பலின் பெயருக்கு ஆவணக் காப்பகம் தேவையில்லை. தேதி மட்டும் போதும்.

குடும்ப அட்டையில் நமக்கு முக்கியம் கடைசியாக வேலை பார்த்த தோட்டத்தின் பெயர், டிவிஷன், குடும்பத்தார் பெயர், வயது, உறவுமுறை. இதில் ஒரு எச்சரிக்கை. வயதெல்லாம் உத்தேசமாகச் சொன்னது. உறவு எப்போதும் உண்மை இல்லை. அண்ணன் இறந்துபோக, அவர் பிள்ளையைத் தன் பிள்ளை என்று எழுதிக் கூட்டிவந்த சித்தப்பாக்கள் உண்டு. யாரும் ஏமாற்ற நினைத்துச் செய்ததில்லை. பிள்ளையை அங்கே விட்டுவிட்டு வர மனசு வராமல் செய்தது. அட்டையில் இருப்பதையும் வீட்டில் சொல்வதையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றை வைத்து மற்றதைத் திருத்தாதீர்கள்.

பெட்டியில் இன்னும் எதைத் தேடுவது? பற்றுச்சீட்டு. தோட்டத்தை விட்டு விலகும்போது கடன் பாக்கி இல்லை என்று கொடுத்த சீட்டு. இ.பி.எஃப். காகிதம், இலங்கையில் சேமலாப நிதிச் சட்டம் 1958-இல் வந்தது, அந்த எண் ஆளைத் தோட்டத்தோடு கட்டிப்போடும். தொழிற்சங்கச் சந்தா அட்டை, கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கடிதம், ஊருக்குப் பணம் அனுப்பிய மணியார்டர் ரசீது. தேவாலா, பந்தலூர் மழையில் காகிதம் பூஞ்சை பிடிக்காமல் இருப்பதே பெரிய விஷயம். ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரிக்க இழுக்க வேண்டாம். வெயில் காலத்தில் நிழலில் உலர்த்திவிட்டு மெதுவாகப் பிரியுங்கள். லேமினேஷன் செய்யவே கூடாது. அந்தச் சூட்டில் பழைய மை போய்விடும், பிறகு காகிதத்தை வெளியே எடுக்கவும் முடியாது.

பாட்டியிடம் என்ன கேட்பது

"எந்த வருஷம் போனாங்க?" என்று கேட்டால் பதில் வராது. "தாத்தாவோட அப்பா போனப்போ கோச்சியில போனாங்களா, நடந்தா?" என்று கேளுங்கள். கோச்சி என்றால் ரயில். வழி தெரிந்தால் காலம் தெரிந்துவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் போனவர்கள் ராமநாதபுரம் கரையிலிருந்து தோணியில் மன்னாருக்குக் கடந்து, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கில்லை. அந்த நூற்றாண்டின் கடைசியில் அந்த வடக்கு வழியை மூடியபின், தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பல். தட்டப்பாறை முகாம், கொழும்பில் இறங்கினால் ராகமை முகாம் என்ற பெயர்கள் பேச்சில் வந்தால் இந்தக் காலம் என்று நினைக்கலாம். 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் ரயில் தனுஷ்கோடி வரை போனது. அங்கிருந்து தலைமன்னாருக்குச் சிறிய கடல் பயணம். "மண்டபம் கேம்பில் வைத்து மருந்தடித்தார்கள், ஊசி போட்டார்கள்" என்றால் அது 1914-க்குப் பிந்தியது.

1939 ஆகஸ்ட் 1 முதல், கூலி வேலைக்கு இலங்கைக்குப் புதிதாக ஆள் போவதை இந்திய அரசு தடை செய்தது. "எங்க பாட்டன் 1945-ல போனார்" என்று வீட்டில் சொன்னால், அது முதல் பயணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போனதைச் சொல்கிறார்களா, அல்லது வேறு தொழிலுக்குப் போனாரா என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

கங்காணி பெயர் கேளுங்கள். பெரிய கங்காணி யார், அவர் எந்த ஊர்க்காரர்? ஒரு கங்காணியின் கூட்டம் பெரும்பாலும் அவர் சொந்த ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்ததாக இருக்கும். பாட்டன் ஊர் தெரியாவிட்டாலும் கங்காணி ஊர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் குலதெய்வம். என்னைக் கேட்டால், எந்தக் காப்பகத்தையும் விட இது நம்பகமான சாட்சி. தோட்டத்தில் கோயில் கட்டியபோது பிடிமண் எங்கிருந்து போனது, கிடா வெட்ட எந்த ஊர்ப் பக்கம் போகணும் என்று சொல்வார்கள், தலைமுடி எங்கே இறக்கினார்கள் என்பது ஞாபகத்தில் இருக்கும். கொளப்பள்ளிப் பக்கம் ஒரு வீட்டில் ஊர்ப் பெயர் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் பாட்டி, சாமி கும்பிடும்போது சொல்கிற வரிசையை அப்படியே சொன்னார்: ஏரிக்கரை, ஏழு கன்னிமார், எதிரில் குதிரை. துறையூர்ப் பக்கம் போய் விசாரித்ததில் அந்தக் கோயிலே கிடைத்தது. பங்காளிகளும் கிடைத்தார்கள். அதில் ஒருவர், இத்தனை வருஷம் கழித்து நிலத்தில் பங்கு கேட்கத்தான் வந்திருக்கிறார்களோ என்று சந்தேகத்தோடு பார்த்தது தனிக்கதை. முதல் பேச்சிலேயே "நிலம் கேட்டு வரல" என்று சொல்லிவிடுவது நல்லது.

இலங்கைப் பக்கத்துக் காகிதங்கள்

தோட்டம் பெயர் கையில் வந்தால், முதலில் அந்தப் பெயரைச் சரிபாருங்கள். தோட்டங்களுக்கு இரண்டு பெயர்: துரைமார் வைத்தது ஒன்று, நம் ஆட்கள் கூப்பிட்டது இன்னொன்று. வீட்டில் சொல்லும் பெயர் வரைபடத்தில் இருக்காது. பெர்குசன் சிலோன் டைரக்டரி என்ற பழைய ஆண்டு மலர்கள் தோட்டங்களை மாவட்ட வாரியாக, உரிமையாளர், ஏக்கர் கணக்கோடு கொடுக்கின்றன. சில ஆண்டுகளின் தொகுதிகள் இணைய நூலகங்களில் ஸ்கேன் வடிவில் இலவசமாகவே கிடைக்கின்றன. பக்கத்து டவுன் எது, ரயில் நிலையம் எது, எந்த ஆற்றங்கரை என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு அதோடு பொருத்துங்கள்.

வீட்டில் ஓட்டை போட்ட ஒரு சின்னத் தகர வில்லை கிடந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். 1900-களின் தொடக்கத்தில் வந்த டின் டிக்கெட் முறையில், எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று தெரிய எழுத்தும் எண்ணும் பொறித்த வில்லையைக் கழுத்தில் கட்டி அனுப்பினார்கள். எழுத்து மாவட்டத்தையும் எண் தோட்டத்தையும் குறிக்கும். சிலோன் போன பயணத்தின் நேரடிச் சாட்சி என்று சொல்லத்தக்க ஒரே பொருள் அதுதான். புளி போட்டுத் துலக்க வேண்டாம், எழுத்து தேய்ந்துவிடும். உலர்ந்த துணியால் துடைத்துப் படம் எடுங்கள்.

அடுத்து பிறப்புச் சான்றிதழ். இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் நம் சான்றிதழில் இல்லாத ஒரு விசேஷம் உண்டு. தகப்பன் பிறந்த இடம், இனம் என்பதோடு, பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம். சில சமயம் பூட்டன் விவரம் வரை கட்டம் போட்டிருப்பார்கள். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன், பூட்டன் எங்கே பிறந்தார்கள் என்று துருவியதன் விளைவு அது. நம்மை நாடற்றவர்களாக ஆக்கிய அதே கேள்விதான் இன்று வம்சத்தைத் தேட உதவுகிறது. பாட்டன் கட்டம் காலியாக இருந்தால் அதுவும் ஒரு தகவல்: கடல் கடந்து வந்தவர் அநேகமாக அவர்தான். சான்றிதழின் பிரதியை இலங்கைப் பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் வழியாகப் பெறலாம். அங்கே இன்னும் இருக்கிற சொந்தக்காரர் யாராவது பிரதேச செயலகத்துக்கு நேரில் போய்க் கேட்டால் வேகமாக நடக்கும்.

1949-ஆம் ஆண்டு இந்திய–பாகிஸ்தானிய வதிவோர் (வசிப்போர்) சட்டப்படி குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தவர்கள், 1946 ஜனவரி 1-க்கு முன் தொடர்ந்து இலங்கையில் இருந்ததைக் காட்ட வேண்டியிருந்தது. கல்யாணமானவர்களுக்கு ஏழு ஆண்டு, ஆகாதவர்களுக்குப் பத்து ஆண்டு. அதற்காகச் சேர்த்த சான்றுகளிலும் தள்ளுபடி நோட்டீசுகளிலும் எந்தத் தோட்டத்தில் எப்போது இருந்தார்கள் என்ற விவரம் வருஷ வாரியாக இருக்கும். தள்ளுபடியான விண்ணப்பம் என்றால் வெறுத்துப்போய்க் கிழித்துப் போட்டவர்கள் அதிகம். இருந்தால் அதிர்ஷ்டம்.

தோட்டத்து செக்ரோல் (வேலைக்கு வந்தவர் பெயர்ப் பதிவு) புத்தகங்களைத் தேடுவது கடினமான வேலை. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசு வசம் போயின. 1992-இல் நிர்வாகம் தனியார் கம்பெனிகளுக்குக் கைமாறியது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் காகிதம் அடுப்புக்குப் போயிருக்கும். ஆனாலும் தோட்ட மேலாளருக்கு டிவிஷன் பெயர், தகப்பன் பெயர், கங்காணி பெயர், வெளியேறிய ஆண்டு எல்லாம் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். கிறிஸ்தவக் குடும்பமானால் இந்தச் சுற்றே வேண்டாம். ஞானஸ்நானப் பதிவேடுதான் முதலில். தமிழ்க் கூலி மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1854-லேயே இலங்கை மலையகத்தில் வேலை தொடங்கிவிட்டது.

சொந்த ஊர்ப் பக்கம்

மாவட்டப் பெயரில் பலர் தடுக்கி விழுகிறார்கள். பெரம்பலூர் மாவட்டம் என்று தேடினால் பழைய பதிவுகளில் ஒன்றும் வராது. அந்த மாவட்டம் 1995-இல் வந்தது. அதற்கு முன் எல்லாம் திருச்சி ஜில்லா. நாமக்கல் 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்தது. ஆங்கிலப் பதிவுகளில் ட்ரிச்சினாப்பள்ளி, டாஞ்சூர், டின்னவெல்லி, டூட்டிகொரின், நெகபட்டாம் என்று தேடுங்கள். ஆள் பெயருக்கும் அதே கூத்துதான். முத்துசாமியின் முதல் எழுத்தை எம்-யு என்று ஒரு குமாஸ்தாவும், எம்-டபுள் ஓ என்று இன்னொருவரும், சாமியை எஸ்-ஏ-டபிள்யூ-எம்-ஒய் என்று வேறொருவரும் எழுதியிருப்பார்கள். தேடும் பெட்டியில் முழுப் பெயரையும் போடாமல், முதல் மூன்று எழுத்தும் ஊரும் போட்டு வடிகட்டுங்கள்.

ஊர் உறுதியானால் சார்பதிவாளர் அலுவலகம் போகலாம். போனவர்கள் நிலத்தை விற்றோ, அடமானம் வைத்தோ, பங்காளிக்கு எழுதிக்கொடுத்தோ போயிருந்தால் பத்திரத்தில் "சிலோன் இன்ன தோட்டத்தில் இருக்கும் இன்னார்" என்று விலாசம் இருக்க வாய்ப்புண்டு. எழுதிய தேதி, அவர் எந்த வருஷம் எங்கே இருந்தார் என்பதற்கு உறுதியான ஆதாரம்.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மெட்ராஸ் மாகாணத்தின் குடியேற்றக் கோப்புகள் இருக்கின்றன. இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்து தேடலாம். ஆனால் அங்கே போனால் பாட்டன் பெயர் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்தக் கோப்புகள் முகாம் நிலைமை, சாவுக் கணக்கு, கப்பல் கட்டணம், கங்காணிகள் மேல் வந்த புகார் என்று பேசும். பாட்டன் போன வழி எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள அருமையான இடம். ஆளைத் தேட அல்ல.

வேறு கடல், வேறு பட்டியல்

பாட்டனின் தம்பி நேட்டால் போனார், மலாயா போனார் என்று கதை இருந்தால் அங்கே நேரடிப் பதிவு உண்டா என்று பாருங்கள். 1860-இல் மெட்ராசிலிருந்து போன "ட்ரூரோ" நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. 1911 வரை 1,52,184 பேர் நேட்டால் போனார்கள். அந்தக் கப்பல் பட்டியல்கள் டைப் செய்யப்பட்டு, குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுதுலி ஆவண மையம் வழியாகத் தேடக் கிடைக்கின்றன. ஜாதிக் கட்டத்தில் இருப்பதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். குமாஸ்தா காதில் விழுந்ததுதான் அங்கே இருக்கிறது. தகப்பன் பெயர், ஊர், தழும்பு மூன்றும் பொருந்தினால் நம்பலாம்.

மொரீஷியஸ் என்றால் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் குடியேற்ற ஆவணங்கள், சிலருக்குப் புகைப்படம் கூட இருக்கிறது. பிஜிக்கு மெட்ராசிலிருந்து கப்பல் போகத் தொடங்கியது 1903-இல்தான். அதற்கு முன்பு எல்லாம் கல்கத்தா. எமிகிரேஷன் பாஸ்கள் பிஜி தேசியக் காப்பகத்தில். மலாயா போனவர்கள் நாகப்பட்டினத்திலோ மெட்ராசிலோ ஏறி, 1926-க்குப் பிறகு என்றால் பெரும்பாலும் "ரஜூலா"வில் போயிருப்பார்கள். அங்கேயும் வீட்டுப் பாஸ்போர்ட் முத்திரைதான் முதல் ஆதாரம்.

ஊட்டி, குன்னூரில் வெள்ளைக்கார அல்லது ஆங்கிலோ-இந்தியப் பாட்டன் உள்ளவர்களுக்கு வேலை சுலபம். இங்கிலாந்துத் துறைமுகங்களில் இறங்கியவர்கள் பட்டியல் 1878 முதல், ஏறியவர்கள் பட்டியல் 1890 முதல், இரண்டுமே 1960 வரை லண்டன் கியூவில் உள்ள தேசியக் காப்பகத்தில். பணம் கட்டும் வம்சத் தளங்களில் பெயர் போட்டாலே வரும். நடுவட்டத்தில் சின்கோனா (மலேரியாவுக்கான கொய்னா மருந்து தரும் மரம்) தோட்ட வேலைக்கு மலாயாப் பக்கத்துக் குடியேற்றங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளின் வழியில் வந்தவர்களுக்குச் சிறைப் பதிவுகள்தான் வழி. எழும்பூரில் தேட வேண்டியது குடியேற்றக் கோப்பை அல்ல.

பெட்டி காலி என்றால்

பாஸ்போர்ட்டும் அட்டையும் தொலைந்திருந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. டேன்டீ வேலைக்கு வந்த குடும்பமானால் நிறுவனத்தின் பணிப் பதிவேடு. கடன் உதவி பெற்ற குடும்பமானால் மாவட்ட ஆட்சியர் அலுவலகம். இரண்டும் தெரியாவிட்டால் சென்னையில் உள்ள மறுவாழ்வுத் துறை. பொதுத் தகவல் அலுவலர் என்று விலாசமிட்டு, பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். இப்படி எழுதலாம்:

"என் தாத்தா இன்னார், தகப்பனார் பெயர் இன்னார், இலங்கை இன்ன தோட்டத்திலிருந்து ஏறத்தாழ 1972-ஆம் ஆண்டு மண்டபம் முகாம் வழியாகத் தாயகம் திரும்பியவர். அவரது குடும்ப அட்டை எண், வந்து சேர்ந்த தேதி, இலங்கையில் கடைசி முகவரி, இந்தியாவில் பூர்வீக ஊர் ஆகியவை பதிவேட்டில் உள்ளபடி நகல் வழங்கக் கோருகிறேன். உறவுச் சான்றுகள் இணைப்பில்."

"எல்லா விவரமும் தருக" என்று எழுதினால் ஒன்றும் வராது. நான்கு விவரம் கேட்டால் அந்த நான்குக்கும் பதில் சொல்லியாக வேண்டும். கேட்டது தங்களிடம் இல்லை என்றால் உரிய அலுவலகத்துக்கு அவர்களே ஐந்து நாளில் மாற்றி அனுப்ப வேண்டும் என்பது சட்டத்தின் 6(3) பிரிவு. அதை மனுவின் கடைசி வரியில் குறிப்பிட்டுவிடுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதை மனு நகலோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். "பதிவேடு கிடைக்கவில்லை" என்று வரும் பதிலையும் பத்திரப்படுத்துங்கள். சாதிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசில் பழைய காகிதம் கேட்கும்போது, பதிவேடு அரசிடமே இல்லை என்று காட்ட அது கைகொடுக்கும்.